வலப்பக்கம் இல்லாத நோட்டு

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டுப் படகில் இறங்கும்போதே என் இடது செருப்பு கடலுக்குள் போய்விட்டது. கப்பல் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் நின்றுகொண்டு ஆட்களைப் படகில் இறக்கி விடுகிறது. அலை படகைத் தூக்கும்போது இறங்க வேண்டும், தாழும்போது இறங்கினால் போச்சு. நான் எந்த நேரத்தில் இறங்கினேனோ தெரியாது, படகோட்டி ஒருவர் என்னை மூட்டை மாதிரி வாங்கி உட்கார வைத்தார். "செருப்பு போனாப் போவுதும்மா, நீங்க வந்து சேந்தீங்களே" என்றார். முதன்முதலாக இந்திய மண்ணில் கால் வைத்தேன் என்று பெருமையாக எழுத ஆசைதான். வைத்தது ஒரு வெறுங்கால்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வயது நாற்பத்தாறு, கல்யாணம் இல்லை, முன்கோபம் உண்டு. ஒன்பது வருஷமாக ஓர் ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். இத்தாலியில் இடைக்காலத்தில் எழுதின கவிதை, போன நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர்களுக்குள் எப்படிப் போய் இறங்கியது என்பதுதான் விஷயம். இதைக் கேட்ட எங்கள் தலைமையாசிரியை, "ஏன் காந்திமதி, உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?" என்றார். கிடைக்கவில்லைதான்.

அதிலும் ஒரு கூத்து, எனக்கு இத்தாலி மொழி தெரியாது. ஆரம்பத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த வயிற்றெரிச்சலை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதிப் போட்டேன். காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூரிலிருந்து பதில் வந்தது. முருகையன் என்று பெயர், அரசாங்கப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார், விவசாயக் குடும்பம். பாரிஸில் இரண்டு வருஷம் படித்தபோது இத்தாலியும் கற்றுக்கொண்டாராம். அவருக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். எனக்கு பிரெஞ்சும் கிடையாது, இத்தாலியும் கிடையாது. ஆகவே இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் நாங்கள் தமிழில் பேசிக்கொண்டோம். அமெரிக்கப் பாட்டுகளை நான் டைப் அடித்து அனுப்புவேன். அவர் இத்தாலிப் பாட்டோடு அடி அடியாக வைத்துப் பார்த்து எழுதுவார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்த இத்தாலிப் பாட்டில் ஒருவன் உயிரோடு நரகத்துக்குள் நடந்து போய், மலையேறி, மோட்சம் வரைக்கும் போகிறான். மேலே அவனுக்காகக் காத்திருப்பவள், அவன் தூரத்திலிருந்து நேசித்துப் பறிகொடுத்த ஒருத்தி. மூன்று மூன்று அடியாகப் பாட்டு போகும். நடு அடியின் ஓசையை அடுத்த மூன்றடி கையில் வாங்கிக்கொள்ளும், சங்கிலி அறுபடாது. "நம்ம அந்தாதிக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்று முருகையன் எழுதினார். அமெரிக்காவில் தாடி வைத்த பெரியவர்கள் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து இதை வரி வரியாக மொழிபெயர்த்துப் பேசினார்கள். அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது பக்தி என்று நான் படித்த புத்தகமெல்லாம் சொல்லிற்று. முருகையன் ஒப்புக்கொள்ளவில்லை.

"பக்தியை இல்லைங்க டீச்சர், சங்கிலியை எடுத்தாங்க" என்று எழுதினார். "துக்கம் வந்தா உக்காந்து அழாம, எந்திரிச்சு நடக்குறதை எடுத்தாங்க." ஆங்கிலத்தில் எதுகைக்குச் சொல் பஞ்சம். அதனால் மொழிபெயர்ப்பில் சங்கிலியை விட்டுவிட்டார்கள். ஆனால் மனைவியையும் பிள்ளையையும் பறிகொடுத்து அவர்கள் சொந்தமாகப் பாடின பாட்டுகளில் அந்தச் சங்கிலி ஒளிந்து கிடக்கிறது, ஒவ்வோர் இடமாகத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். பாரிஸில் வாங்கின ஒரு தடி நோட்டு. இடப்பக்கம் இத்தாலி வரிகள். வலப்பக்கம் தமிழில் அவருடைய குறிப்புகள். மை ஊறிவிடும் என்று ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம்தான் எழுதுவாராம். என் ஆராய்ச்சியின் உயிரே அந்த வலப்பக்கம்தான்.

கடைசியாக வந்த கடிதத்தில், "நோட்டு முடிஞ்சிட்டுது. ஒரே பிரதி, தபாலை நம்ப மாட்டேன். நேரா வந்து வாங்கிக்குங்க. என் சம்சாரம் கோலா மீன் குழம்பு வைப்பாங்க" என்று இருந்தது. அதற்குப் பிறகு ஏழு மாசம் ஒரு வரி இல்லை. நான் நாலு கடிதம் போட்டுப் பார்த்தேன். பதிலே போடாத மனுஷனுக்கு நான் எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்று ஆகஸ்ட் லீவில் வீம்பாக வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து தாக்கீது வந்தது. மூன்று தடவை அவகாசம் கொடுத்தாகிவிட்டது, பிப்ரவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவோம். வீம்பு எல்லாம் போன இடம் தெரியவில்லை. வருஷக் கடைசி லீவு விட்டதும் கப்பலேறினேன்.

முதல் நாள் முழுக்க மழை. எங்கள் ஊர் மழை அடித்துக் கொட்டிவிட்டு மரியாதையாகப் போய்விடும். இந்த மழை கடன்காரன் மாதிரி வாசலிலேயே நிற்கிறது. காரைக்கால் பஸ்ஸில் ஒற்றைச் செருப்போடு ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலின் எல்லையைத் தாண்டியதும் முதல் நிறுத்தத்தில் பாதி பஸ் காலியாகிவிட்டது. "இங்க என்ன திருவிழாவா?" என்று கண்டக்டரைக் கேட்டேன். "அந்தப் பக்கம் சாராயம் கெடையாது, இந்தப் பக்கம் கெடைக்கும். தெனமும் திருவிழாதாங்க" என்றார்.

காரைக்காலில் தெருவெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிறது. போலீஸ்காரர் தலையில் உயரமான சிவப்புத் தொப்பி. முதல் வேலையாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனேன். இட்லிக்குச் சாம்பார் கேட்டால், "கடப்பா இருக்கு, சாப்பிட்டுப் பாருங்க" என்று பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் போட்ட ஒன்றை ஊற்றினார்கள். அமிர்தம். காப்பி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. டின்பால் ஊற்றின கோப்பிக்குப் பழகின நாக்கு.

அடுத்த மேஜையில் இரண்டு பெரியவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்கள் என்று பரிமாறுகிறவர் சொன்னார். கவிதை கிவிதை பேசுகிறார்களோ என்று நப்பாசையில், "என்ன பேசிக்கிறாங்க?" என்று கேட்டேன். அவர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஒருத்தருக்குப் பென்ஷன் இன்னும் வரலையாம். இன்னொருத்தருக்கு வயிறு சரியில்லையாம்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவங்களுக்கு என்னங்க, பிரெஞ்சுப் பேப்பரு இருக்கு. இந்த ஊருல அது இருந்தா ராஜா" என்றார். அந்த வார்த்தையை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் அம்பகரத்தூர் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ரோட்டுக்கு மேலே தண்ணீர். "எறங்கி நடக்குறவங்க நடக்கலாம், உக்காந்திருக்கிறவங்க உக்காரலாம். தண்ணி வடிஞ்சா வண்டி போவும்" என்று டிரைவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார். எப்போது வடியும் என்று கேட்டேன். சிரித்தார். இறங்கிப் புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடந்தது. கரையில் ஒருவர் குடைகூட இல்லாமல் தன் வயலைப் பார்த்தபடி நின்றார். வழி கேட்கலாம் என்று போனவள் கேட்காமல் வந்துவிட்டேன்.

ஊருக்குள் நுழைந்து "முருகையன் வாத்தியார் வீடு எதுங்க?" என்றேன். டீக்கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் எழுந்து, "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று முன்னால் நடந்தாள்.

வீட்டுக்குள் சுவரில் போட்டோவுக்கு மாலை போட்டிருந்தது. ஒல்லியான மனுஷர், பெரிய காது. இவரா அவர்? ஒன்பது வருஷம் நான் மனசில் வேறொரு முகத்தை வைத்துக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். அவர் மனைவி தனபாக்கியம் உள்ளேயிருந்து வந்து, யார் என்று கேட்கக்கூட இல்லை, துக்கம் கேட்க வந்தவள் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். நானும் அழுதேன். அவர்களுக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா, சொல்லத் தெரியவில்லை.

"மஞ்சக்காமாலைங்க. பதினோரு நாளுதான். ஆறு மாசம் ஆச்சு" என்றார் தனபாக்கியம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"பினாங்கு. காந்திமதின்னு பேரு."

அவர் கை என் தோளை விட்டது. "லெட்டரு போடுற டீச்சரா?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு நிமிஷம் என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். சேறு பூசின கால், நரைத்த தலை, கையில் செருப்பு. "உக்காருங்க" என்று பாயைப் போட்டுவிட்டு உள்ளே போனார். மாடத்தில் நான் கடைசியாகப் போட்ட நாலு கடிதங்களும் பிரிக்காமல் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் தனபாக்கியத்தின் தம்பி கலியபெருமாள் வந்தார். நாற்பது வயது இருக்கும், வயலிலிருந்து நேராக வந்திருந்தார். அக்கா வீட்டு நிலத்தையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். நோட்டைப் பற்றிக் கேட்கவே வாய் கூசியது. இழவு வீட்டில் வந்து காகிதம் கேட்கிறாளே என்று நினைப்பார்களே. ஆனாலும் கேட்டேன். கேட்காமல் எப்படி? அதற்குத்தானே வந்தேன்.

"பாரிஸு நோட்டுதானே?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பத்திரமா இருக்குங்க டீச்சர்! பூவத்துல ஒருத்தருகிட்ட இருக்கு. நாளைக்கே போவலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதென்று எங்கள் அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன். திரும்பி நடக்கும்போது தண்ணீர் முழங்கால்வரை இருந்தது, எனக்கு அது உறைக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தேன். ஒரு மனுஷர் செத்துப்போன சேதி கேட்டுவிட்டு வருகிறோமே என்ற வெட்கமும் கூடவே இருந்தது.

மூன்றாம் நாள் கலியபெருமாள் வெள்ளை வேட்டி சட்டையில் பஸ் நிலையத்துக்கு வந்தார். பூவம் வடக்கே, எல்லையில் இருக்கிறது. போகிற வழியில் கதையைச் சொன்னார். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போட ஒரு தரகர் உதவி செய்கிறாராம். குடும்பத்தில் யாரிடமாவது பிரெஞ்சில் எழுதின பழைய பேப்பர் இருந்தால் காரியம் நடந்துவிடுமாம். "ரெண்டு வருசமா சம்பா வெள்ளத்துல போச்சுங்க. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன். பாரிஸுல ஓட்டல்ல தட்டு கழுவுனாக்கூடப் போதும். மச்சான் பெட்டியைத் தொறந்தா, கெட்டி அட்டை போட்டு அவ்வளவு பெரிய பிரெஞ்சு நோட்டு! அவரே மேலேருந்து எடுத்துக் குடுத்த மாரி இருந்துச்சு."

அது பிரெஞ்சு இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் குலுக்கின குலுக்கலில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். முதலில் நோட்டைக் கையில் வாங்குவோம், மற்றது பிறகு.

தரகர் காப்பி கொடுத்து உபசரித்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. சிவப்பு நாடா கட்டின கட்டிலிருந்து நோட்டை எடுத்தார். அட்டையில் பிரெஞ்சு அச்சு. இரண்டு கையாலும் வாங்கிப் பிரித்தேன். முதல் பக்கத்தில் கலியபெருமாளின் போட்டோ ஒட்டியிருந்தது. போட்டோவின் மூலையில் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன்மேல் கையெழுத்து, அதற்கும் மேலே ஒரு ரப்பர் முத்திரை. போட்டோவுக்குக் கீழே முருகையனின் குண்டு குண்டான கையெழுத்தில் இத்தாலி வரிகள். அந்த வரிகளின் உருவம் எனக்குத் தெரியும், ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார். நரகத்தின் வாசலில் எழுதி வைத்திருப்பதாகப் பாட்டில் வருகிற வரிகள் அவை.

பக்கத்தைப் புரட்டினேன். இடப்பக்கம் இத்தாலி. வலப்பக்கம் இல்லை. இன்னொன்றைப் புரட்டினேன். இடப்பக்கம் இருந்தது, வலப்பக்கம் இல்லை. தையலை ஒட்டி பிளேடால் வெட்டின அடையாளம் மட்டும் சீராக இருந்தது. கடைசிவரைக்கும் புரட்டினேன். ஒன்றுவிடாமல் அப்படியே.

"வலப்பக்கமெல்லாம் எங்கேங்க?"

"அதெல்லாம் தமிழுங்க" என்றார் தரகர். "தமிழ் கலந்தா பாரிஸுல ஒத்துக்க மாட்டாங்க. மொதப் பத்துப் பக்கத்துல மட்டும் தமிழ் இல்லாமப் பாத்துக்குங்கன்னேன். வாத்தியாரு வீட்டு அம்மா முழுசாவே சுத்தம் பண்ணிக் குடுத்துட்டாங்க. இன்னும் நல்லதாப் போச்சு."

இடப்பக்கத்தில் இருப்பது எந்த இத்தாலிக் கடையிலும் புத்தகமாகக் கிடைக்கும். ஆயிரம் பேர் அச்சடித்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு, எங்கேயும் கிடைக்கிற பக்கத்துக்கு நாடா கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருஷம். என் வாயில் மண் விழுந்தது. என் கோபம்தான் தெரியுமே.

"இது பிரெஞ்சே இல்லைங்க! இத்தாலி பாஷை. நரகத்தைப் பத்தின பாட்டு. உங்க போட்டோவை ஒட்டியிருக்கிற இடம் நரகத்தோட வாசல்!"

கலியபெருமாள் தரகரைப் பார்த்தார். தரகர் அசரவில்லை. "இது பழைய பிரெஞ்சுங்க. ராஜா காலத்துப் பிரெஞ்சு. இப்ப உள்ளவங்களுக்குப் புரியாது" என்றார். பிறகு கலியபெருமாளிடம் திரும்பி, "அம்மா மலேயா. அங்க ஆண்டது இங்கிலீஷ்காரன். அவனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் என்னைக்கு ஒத்துப் போயிருக்கு?" என்றார்.

கலியபெருமாளின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் என்னை நம்பவில்லை. நம்பினால் அவருக்கு என்ன மிச்சம்? மூழ்கின பயிரும் இரண்டு பெண்களும்தான். நோட்டை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி, போட்டோ கசங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தரகரிடமே கொடுத்தார்.

திரும்பி வரும்போது வறுத்த வேர்க்கடலை வாங்கி என் கையில் திணித்தார். "கோவப்படாதீங்க டீச்சர். அங்க போயிச் சேந்ததும் மொத லெட்டரு உங்களுக்குத்தான்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டே வந்தேன், வேறு என்ன செய்வது?

நாலாம் நாள் மறுபடியும் அம்பகரத்தூர் போனேன். வெட்டின தாள்களை எங்கேயாவது பெட்டிக்கடியில், பரணில் போட்டு வைத்திருக்க மாட்டார்களா என்று ஒரு கிறுக்கு எண்ணம். பஸ் அன்றைக்கு ஊர்வரைக்கும் போயிற்று. மழை விட்டிருந்தது. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்ட என் புத்தியை என்ன சொல்ல?

தனபாக்கியம் என்னை எதிர்பார்த்திருந்தவர் போல இலை போட்டார். "கோலா மீனு வைக்கச் சொல்லியிருந்தாரு, நீங்க வந்தா. இது கோலா சீசன் இல்லீங்க. கெளுத்திதான் கெடைச்சிச்சு." குழம்பு நன்றாக இருந்தது. பூண்டும் புளியும் தூக்கலாக, எங்கள் அம்மா வைக்கிற மாதிரியே இருந்தது. இரண்டு வாய்க்குமேல் எனக்கு இறங்கவில்லை.

"அந்தத் தமிழ்த் தாளெல்லாம் எங்கேம்மா?"

"அடுப்புல வச்சுட்டேங்க. மழையில வெறகு நனைஞ்சு கெடந்துச்சு. குறுவை நெல்லு அவிக்கணும்."

"எப்போ?"

"போன மாசம்."

போன மாசம். ஆகஸ்ட் லீவில் நான் வீம்பு பிடிக்காமல் வந்திருந்தால் நோட்டு முழுசாக அவர் பெட்டியில் இருந்திருக்கும். அவர் செத்து அழுகை ஓய்ந்திருக்கும், தரகர் வந்திருக்க மாட்டார். நான் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு, பதில் போடாத பெரிய மனுஷன் என்று ஒரு பிணத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"தரகர் மொதப் பத்துப் பக்கம்தானே எடுக்கச் சொன்னார்? எல்லாத்தையும் ஏன் வெட்டினீங்க?"

தனபாக்கியம் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேங்க. தமிழு படிப்பேன். பத்துப் பக்கம் எடுக்கத்தான் ஒக்காந்தேன். மொதப் பக்கத்துலயே உங்க பேரு. 'காந்திமதி டீச்சர், இந்த எடத்தைப் பாருங்க'ன்னு. அடுத்த பக்கத்துல, 'டீச்சர், இங்க நீங்க சிரிப்பீங்க'ன்னு. அதுக்கடுத்ததுல, 'இந்த அடியைப் படிக்கையில உங்ககிட்ட ஒடனே சொல்லணும்னு இருந்துச்சு'ன்னு. பொரட்டப் பொரட்ட உங்க பேருதாங்க." மூச்சு வாங்கினார். "இருவத்திரண்டு வருசம் குடும்பம் நடத்துனேன். ஒருநாளு, ஒரே ஒருநாளு, 'இங்க வா, இதைப் பாரு'ன்னு அவரு எனக்கு ஒண்ணையும் காட்டுனதில்லீங்க. அதான் ஒண்ணு விடாம அறுத்தேன்."

எங்களுக்குள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் 'நீங்க'வை விட்டு இறங்கினதில்லை. தன் உடம்பைப் பற்றி ஒரு வரி, என் தனிமையைப் பற்றி ஒரு கேள்வி, எதுவும் இல்லை. இத்தாலிக்காரனின் மூன்றடியும் அமெரிக்கக்காரனின் ஓசையும்தான். ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்தான். என்னிடமும் 'இதைப் பாருங்க' என்று சொன்ன ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். அதைப் போய் இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வேன்?

ஆராய்ச்சி முடிந்தது. பிப்ரவரியில் பெயரை அடிப்பார்கள், அடித்துக்கொள்ளட்டும். தனபாக்கியத்தின் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் பிளேடைக் கீழே வைத்திருக்க மாட்டேன்.

அவர் எழுந்து வந்து, நான் வேண்டாம் என்று கை காட்டியும் கேட்காமல், இலையில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். பிறகு என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"ஆத்திரத்துல உங்க பேரு உள்ள வரியை மட்டுந்தாங்க பாத்தேன். மத்ததைப் படிக்கலை. அடுப்புல வச்சதுலேருந்து அதே நெனப்பா இருக்கு. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அவ்வளவு பக்கம் ஒக்காந்து ஒக்காந்து எழுதினாரே, அதுல அப்படி என்னதாங்க எழுதியிருந்தாரு?"

"எனக்கும் தெரியாதுங்க" என்றேன். "அதைப் படிக்கத்தான் வந்தேன்."